காலி ஜாடி, பழைய அட்டைப்பெட்டி, தகர டப்பா: எது தேறியது, எது தேறவில்லை

காலி பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் வைத்துச் சேமிப்பு டப்பா செய்து காட்டும் வீடியோக்கள் எல்லாமே டப்பா செய்து முடித்த அன்றைக்கே முடிந்துவிடுகின்றன. அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதா, தினமும் திறந்து மூடியதில் மூடி தளர்ந்ததா, ஒட்டிய துணி ஓரத்தில் பிரிந்து தொங்குகிறதா என்பதெல்லாம் நமக்குத் தெரியவே வராது. என் சமையலறை, எழுது மேசை, கருவிகள் வைக்கும் அலமாரி மூன்றிலும் இப்படி வீட்டிலேயே செய்த டப்பாக்கள்தான் அதிகம். அதனால் புழக்கத்தில் எது தாங்கியது, எது காலை வாரியது என்பதை மட்டும் எழுதுகிறேன். அழகுக்கு மதிப்பெண் கிடையாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் முன்பு பார்த்த வேலைக்குப் பக்கத்திலேயே புது வேலையும் இருந்தால் அது தாங்கும். ஈரம் புகாமல் உணவைக் காத்த ஜாடி அதே வேலையை இன்னும் பல வருடம் செய்யும். ஒரே ஒரு பயணத்துக்காகச் செய்த அட்டைப்பெட்டியை நிரந்தர அலமாரியாக்கினால் அது தொங்கத்தான் செய்யும். பெயின்ட், துணி, லேஸ், கயிறு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கண்ணாடி ஜாடியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில் தோற்பதே கஷ்டம். ஜாம், சாஸ், ஊறுகாய், காபித்தூள் என்று எது வந்த ஜாடியாக இருந்தாலும் கண்ணாடி வாடையைப் பிடித்து வைக்காது, கறை ஏறாது, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். பிரச்சினை மூடியில்தான். உலோக மூடியின் உள்விளிம்பில் ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் அது ரப்பர் இல்லை, ப்ளாஸ்டிசால் என்ற மெத்தென்ற பூச்சு. எண்ணெயோடும் மசாலாவோடும் மாதக்கணக்கில் இருந்த மூடி அந்த வாடையைக் குடித்து வைத்திருக்கும், சோப்பு போட்டால் முழுசாகப் போகாது. சோடா உப்பு கலந்த நீரில் ஊறவைத்துவிட்டு நல்ல வெயிலில் மல்லாத்தி வைத்தால் ஓரளவு குறையும். அப்படியும் போகாத மூடியோடு இருக்கும் ஜாடியை ஆணி, பட்டன், ரப்பர் பேண்ட் பக்கம் அனுப்பிவிடுவேன். சர்க்கரைக்குப் பூண்டு வாடை வந்தால் வீட்டில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

மூடியிலும் இரண்டு ஜாதி உண்டு. கால் சுற்று சுற்றினாலே திறந்துவிடும் வகை ஒன்று. அதன் விளிம்பில் உள்பக்கம் மடிந்த சின்னச் சின்னப் பற்கள் இருக்கும், அவைதான் ஜாடியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை விழுந்து ஒரு பல் வளைந்தாலும் பிடிமானம் போய்விடும். இன்னொன்று முழு மரையோடு பல சுற்று சுற்றுவது. அமெரிக்காவில் ஜான் லேண்டிஸ் மேசன் 1858இல் காப்புரிமை வாங்கிய மரை ஜாடியின் வழி வந்தது இது. தினமும் திறந்து மூடுகிற பொருளுக்கு நான் தேடுவது இந்த முழு மரை மூடியைத்தான். எந்த ஜாடியானாலும் வேலைக்கு எடுக்கும் முன் ஒரு சோதனை: பாதி தண்ணீர் ஊற்றி, இறுக்கி மூடி, பழைய தாள் மேல் தலைகீழாகக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். தாள் நனையவில்லையா, சரி, உள்ளே வைக்கும் பொருள் சீக்கிரம் நமுத்துப்போகாது.

ஒரு எச்சரிக்கை. உலர்ந்த பொருளுக்குத்தான் இதெல்லாம். சமைத்த உணவை ஜாடியில் அடைத்து, வெந்நீரில் வைத்து, மாதக்கணக்கில் வெளியே வைக்கும் பதப்படுத்தலுக்குக் கடை ஜாடியின் பழைய மூடியை எடுக்கவே கூடாது. அந்த மூடி ஒரு தடவை அடைப்பதற்காகச் செய்தது. புளிப்பு குறைந்த உணவில், காற்றில்லாத இடத்தில் வளரும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நஞ்சை மோந்து பார்த்தோ ருசி பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது.

லேபிளை எடுப்பதைப் பற்றி ஆளுக்கு ஒரு வித்தை சொல்வார்கள். உண்மையில் பசை இரண்டு வகை என்று தெரிந்தால் போதும். சில லேபிள்கள் தண்ணீரில் கரையும் பசையில் ஒட்டியவை, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் தானாக மிதந்து வரும். ஸ்டிக்கர் மாதிரி பிசுபிசுப்பாக ஒட்டியவை தண்ணீருக்கு அசையாது, அதற்கு எண்ணெய் வேண்டும். காகிதத்தை மட்டும் உரித்துவிட்டு, சமையல் எண்ணெயில் சோடா உப்பைக் குழைத்துத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினால் முடிந்தது. குளிர்ந்த ஜாடியில் கொதிக்கிற நீரை மட்டும் ஊற்றாதீர்கள். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் கண்ணாடி விரிசல் விட்டுப்போகும்.

அலமாரித் தட்டின் அடிப்பக்கத்தில் மூடியைத் திருகாணியால் முடுக்கி, ஜாடியை அதில் சுழற்றித் தொங்கவிடும் யோசனையைப் பார்த்திருப்பீர்கள். நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் ஒரு மூடிக்கு இரண்டு திருகாணி போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் ஜாடியைச் சுழற்றும்போது மூடியும் கூடச் சுழலும், நாளடைவில் ஓட்டை பெரிதாகிவிடும். பல் வைத்த கால் சுற்று மூடியை இதற்கு எடுக்க வேண்டாம், மொத்தக் கனமும் அந்த நான்கைந்து பற்களில்தான் தொங்கும். கனமான ஆணிகளை நிரப்பித் தலைக்கு மேலே மாட்டுவது எனக்குப் பிடிக்காது. நூல், பட்டன், பேப்பர் கிளிப் மாதிரி இலேசானவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கண்ணாடி ஜாடிக்கு உள்ள ஒரே குறை அது உருண்டை என்பது. சதுரமான இடத்தில் ஒரே அளவு உருண்டை ஜாடிகளை வரிசையாக அடுக்கினால் நூற்றுக்கு 78.5 பங்கு இடம்தான் பயன்படும், மீதி 21.5 பங்கு இடுக்குகளாக வீணாகிறது. அலமாரி சின்னதாக இருந்தால் இது உறுத்தும். அதற்காகவே சதுர ஜாடி வந்தால் யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறேன். பத்துக்கு ஒன்பது.

அடுத்தது அட்டைப்பெட்டி. அதிகம் புகழப்படுவதும் இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். பெட்டியின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் இரண்டு தாள்களுக்கு நடுவே இன்னொரு தாள் அலை அலையாக ஒட்டியிருக்கும். அந்த அலைகள் மேலிருந்து கீழாக நின்றால்தான் பெட்டி சுமை தாங்கும். பெரிய பெட்டியை வெட்டிச் சின்னப் பெட்டி செய்யும்போது இதை யாரும் கவனிப்பதில்லை, தாளின் அச்சு நேராக வருகிறதா என்று மட்டும் பார்த்து வெட்டுகிறார்கள். அலை படுக்கைவாட்டில் வந்துவிட்டால் மேலே இன்னொரு பெட்டியை வைத்ததும் சுவர் இடுப்பில் மடியும். சுமையில் பெரும்பங்கை மூலைகள்தான் தாங்குகின்றன என்பதால், தூக்குவதற்குக் கைப்பிடி ஓட்டை போட்டால் சுவரின் நடுவில் போடுங்கள், மூலைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அட்டையின் பெரிய எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் ஏறினாலே அதன் விறைப்பு குறைந்துவிடும், தண்ணீர் நேரடியாகப் படவேண்டும் என்றுகூட இல்லை. குளியலறை, பாத்திரம் கழுவும் தொட்டியின் அடி, தரையை ஒட்டிய சுவரோரம், இந்த மூன்று இடத்திலும் அட்டைப்பெட்டியை வைக்காதீர்கள். அந்த அலைத்தாளை ஒட்டும் பசை பெரும்பாலும் மாவுப்பசை. நமக்கு அது பசை, கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது சாப்பாடு. அதனால் பழைய ஆல்பம், சான்றிதழ், பட்டுத்துணி போன்றவற்றை வருடக்கணக்கில் வைக்க அட்டைப்பெட்டியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வெளியே எவ்வளவு அழகான துணி ஒட்டினாலும் சரி.

துணி என்றதும் ஞாபகம் வருகிறது. ஷூ பெட்டிக்கு வெளியே வண்ணத் தாளோ துணியோ ஒட்டுபவர்கள் பலரும் சொல்லும் குறை, காய்ந்த பிறகு பக்கங்கள் வளைந்துவிட்டன, மூடி உட்காரவில்லை என்பது. இதற்குப் பசையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தாள் பசையில் நனைந்ததும் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது தான் ஒட்டியிருக்கும் அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வளையாமல் என்ன செய்யும்? புத்தகம் பைண்டிங் செய்பவர்களுக்கு இது பால பாடம். அவர்கள் அட்டையின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டி, இரண்டு இழுப்பையும் சமமாக்கிவிடுவார்கள். நீங்களும் உள்ளே ஒரு சாதாரணத் தாளை ஒட்டுங்கள், பசையை மெல்லிசாகத் தடவுங்கள், ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களை மேலே வைத்து அழுத்திவிடுங்கள். சுவர் நேராக நிற்கும்.

இவ்வளவு குறை சொன்னாலும் அட்டையில் ஒரு வேலைக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன்: இழுப்பறைத் தடுப்புகள். இழுப்பறையின் உள் நீளத்துக்கு ஒரு பட்டை, உள் அகலத்துக்குச் சில பட்டைகள், உயரம் இழுப்பறையைவிடக் கொஞ்சம் குறைவாக. நீளப் பட்டையில் மேலிருந்து பாதி உயரம் வரை கீறல், குறுக்குப் பட்டைகளில் கீழிருந்து பாதி உயரம் வரை கீறல், கீறலின் அகலம் அட்டையின் தடிமன் அளவு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் கட்டம் கட்டமாக நின்றுவிடும். பசை கிடையாது, டேப் கிடையாது. நாளைக்குக் கட்டத்தின் அளவு பிடிக்கவில்லை என்றால் ஒரு பட்டையை உருவி வேறு வெட்டிச் செருகலாம். சாக்ஸ், சார்ஜர் வயர், பேனா, பேட்டரி, கரண்டி எல்லாவற்றுக்கும் ஆகும். சாமான்களை நெருக்கியடிக்காமல் பிரித்து வைப்பதுதான் அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தடுப்புகளின் பழைய வேலையும். வெயில், ஈரம், சுமை மூன்றும் இல்லாத இடம் என்பதால் என் மேசை இழுப்பறையில் அவை இன்னும் விறைப்பாகவே நிற்கின்றன.

ப்ளாஸ்டிக் பாட்டிலுக்கு வருவோம். தண்ணீரும் குளிர்பானமும் வருகிற தெளிவான பாட்டில்கள் பெட் (PET) என்ற ப்ளாஸ்டிக் ரகம். 1973இல் நதானியேல் வைத் என்ற அமெரிக்கப் பொறியாளர் காப்புரிமை பெற்ற பாட்டில் வகை, அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். இந்தப் பாட்டிலை ஊதி இழுத்துத்தான் உருவாக்குகிறார்கள், அதனால் 70 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடு பட்டதும் இளகிப் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். பாட்டிலைக் குறுக்கே வெட்டினால் விளிம்பு கையைக் கீறும் அளவுக்குக் கூராக இருக்கும். இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, நடுவே கேக் சுடும்போது அடியில் போடும் பேக்கிங் (baking) தாள் போட்டு, வெட்டிய விளிம்பை அதன் மேல் சில நொடி அழுத்தினால் விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு மழுங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டு பாட்டில் அடிகளை ஒரு ஜிப்பால் இணைத்துப் பணப்பையாக்குவது பிரபலமான யோசனை. பார்க்கப் பிரமாதம், புழக்கத்தில் சுமார். ஜிப்பைச் சூட்டுப் பசையால் ஒட்டினால் திறந்து மூடும் இழுப்பில் பசை உரிந்து வந்துவிடுகிறது, ஊசியால் தைத்தால் ஓட்டை வழியே ப்ளாஸ்டிக் கிழிகிறது. அதைவிடப் பாட்டிலின் கழுத்தை மட்டும் வெட்டி எடுப்பதுதான் உருப்படியான வேலை. ஊதும்போது கழுத்து இழுபடுவதில்லை, அதனால் அந்த இடம் தடிமனாகவும் கெட்டியாகவும் இருக்கும். அதற்குள் ப்ளாஸ்டிக் பையின் வாயை உள்ளிருந்து நுழைத்து, வெளியே மடித்து, மேலே மூடியைத் திருகினால் பிரித்த பாக்கெட் எல்லாம் இறுக்கமாக மூடிக்கொள்ளும். சாய்த்துக் கொட்டவும் சௌகரியம். சிந்தாமல் ஊற்றி இறுக்கி மூடுவதுதானே கழுத்தும் மூடியும் எப்போதும் செய்த வேலை. வீடியோக்காரர்கள் இதை ஏனோ பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஐஸ்கிரீம் டப்பா, தயிர் டப்பா, வெளியே வாங்கிய சாப்பாடு வரும் செவ்வக டப்பா இவற்றின் அடியில் பெரும்பாலும் 5 என்று இருக்கும், பாலிப்ரோப்பிலீன். அந்த எண்கள் 1988இல் அமெரிக்கப் ப்ளாஸ்டிக் துறை கொண்டுவந்த அடையாளம். அது ப்ளாஸ்டிக்கின் ரகத்தைத்தான் சொல்கிறது, தரத்தையோ பாதுகாப்பையோ இல்லை. இந்த 5ஆம் எண் ரகத்தில் பசை உறுதியாக ஒட்டாது. பெயின்டும் காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும். அதனால் இதை அலங்கரிக்க மெனக்கெடாதீர்கள். கழுவி, ஒரு டேப் ஒட்டிப் பெயர் எழுதி, அப்படியே வையுங்கள். செவ்வகமாக இருப்பதால் அடுக்க வசதி, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். மூடி மட்டும் பலவீனம். ஓரம் கிழிந்ததும் காற்றுப் புகும், அப்போது உணவிலிருந்து எடுத்து ஸ்குரூ, பட்டன் பக்கம் இறக்கிவிடலாம்.

தகர டப்பாவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1810இல் பீட்டர் டியூரண்ட் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியபோது திறப்பான் என்ற ஒன்றே இல்லை, ஆரம்ப கால டப்பாக்களை உளியும் சுத்தியலும் வைத்துத்தான் திறந்தார்கள். இன்றைக்கும் வம்பு திறக்கும் இடத்தில்தான். மேல் மூடியை உள்ளே வெட்டும் திறப்பான் ரம்பம் மாதிரி ஒரு விளிம்பை விட்டுவைக்கும், பக்கவாட்டில் வெட்டும் வகை விளிம்பை மழுக்கமாக விடும். டப்பாவாக்கும் எண்ணம் இருந்தால் பக்கவாட்டில் வெட்டுங்கள், அப்படியும் உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேயுங்கள். வெட்டிய இடத்தில் பூச்சு போய்விடுவதால் அங்கிருந்துதான் துரு ஏறும். பேனா, பிரஷ், கத்தரிக்கோல் நிற்க வைக்க நல்லது. ஈரக் கரண்டி வைத்தால் அடியில் வளையமாகத் துரு விழும். மூடியோடு வரும் பிஸ்கட் டப்பா வேறு கதை. அதைத் திறந்து பிஸ்கட் கிடைத்தவரை நான் பார்த்ததில்லை, எந்த வீட்டிலும் ஊசி நூல்தான் இருக்கும்.

உயரமான குழாய் மாதிரி வரும் சிப்ஸ் டப்பா பின்னல் ஊசிக்கும், சுருட்டி வைக்க வேண்டிய தாளுக்கும் அளவெடுத்ததுபோல் இருக்கும். பிரிங்கிள்ஸ் டப்பாவை வடிவமைத்த ஃப்ரெட்ரிக் பௌர் 2008இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை அந்த டப்பாவிலேயே வைத்துப் புதைத்தார்கள். மறுபயன்பாட்டில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் அதன் உள்ளே எண்ணெய் வாடை எளிதில் போகாது, ஈரத்துணியால் துடைத்துக் காய வைப்பதோடு சரி, ஊறவைத்தால் அட்டை பிரிந்துவிடும். பால், ஜூஸ் வரும் அட்டைப் பெட்டி அதைவிட மேல். தாளோடு பாலிஎத்திலீன் படலமும், நீண்ட நாள் கெடாத வகையாக இருந்தால் அலுமினியமும் சேர்ந்தது என்பதால் உள்ளே ஈரம் தாங்கும். மேலே வெட்டி, உடனே கழுவி, குளிர்பெட்டிக் கதவில் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளை நிறுத்தி வைக்க இதைத்தான் வைத்திருக்கிறேன்.

செய்தித்தாளைக் குழல் குழலாகச் சுருட்டிப் பின்னும் கூடை பொறுமைசாலிகளுக்கு. வார்னிஷ் அடித்தால் உறுதியாகவே இருக்கும், அடிக்காவிட்டால் மை கையிலும் துணியிலும் ஒட்டும். வெயில் படும் இடத்தில் மஞ்சளாகும். உணவை நேராகப் போடாதீர்கள்.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பாதி டப்பாக்கள் அதனால்தான் சாகின்றன. சூட்டில் உருக்கி ஒட்டும் க்ளூ கன் பசை அவசரத்துக்கு நல்லது, அதே சூட்டில் அது தளரவும் செய்யும். வெயில் படும் ஜன்னலோரத்திலும் நிறுத்திவைத்த காரிலும் கைப்பிடி தனியாகக் கழன்று வருவது இதனால்தான். கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பில் நகத்தால் நெம்பினாலே வந்துவிடும். அட்டைக்கும் துணிக்கும் வெள்ளைப் பசை நூறு மடங்கு மேல், இழைக்குள் ஊறிப் பிடிக்கும். ஒரு நாள் காயவிடும் பொறுமை வேண்டும், பிறகு தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றில் விட்டுக்கொடுக்கவே முடியாது. பூச்சிமருந்து, ஆசிட், தரை துடைக்கும் திரவம் இருந்த டப்பாவில் எத்தனை தடவை கழுவினாலும் உணவு வைக்கக் கூடாது. குளிர்பானப் பாட்டிலில் மண்ணெண்ணெய், ப்ளீச் ஊற்றி வைப்பதும் கூடாது. மேலே பெயர் எழுதி ஒட்டினாலும், தாகத்தில் எடுக்கிற கை அதைப் படிக்காது.

கடைசியாக ஒரு கணக்கு. துணியும் பசையும் பெயின்டும் ஏறிய அட்டைப்பெட்டியை மறுசுழற்சிக்குப் போட முடியாமல் போகலாம், சும்மா இருந்த அட்டையைப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாம். ஒரு வருடம்கூட ஓடாத டப்பாவுக்கு அவ்வளவு ஒட்டு வேலை செய்வது குப்பையைத் தள்ளிப்போடுவதுதான். அதனால் அட்டையில் செருகும் வேலையோடு நின்றுகொள்கிறேன், பசையைக் கொஞ்சமாகத் தொடுகிறேன். பிறகு, "எப்போதாவது உதவும்" என்று காலி ஜாடி சேர்ப்பதற்கு ஒரே ஒரு பெட்டிதான் ஒதுக்கியிருக்கிறேன். அது நிரம்பினால் புதிதாக வந்ததோ பழையதோ, மூடி மோசமாக இருக்கிற ஜாடி முதலில் வெளியே போகும்.